1,500 வார்த்தைகள் தெரிந்தும் கை ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: அலுவலகத்தில் தினமும் ஆங்கிலத்தில் மின்னஞ்சலும் அறிக்கையும் எழுத வேண்டிய வேலை எனக்கு. சொல்வளம் போதவில்லை என்று தோன்றியதால் ஒரு செயலியில் நாளுக்கு 20 வார்த்தை வீதம், சினோனிம்களோடு சேர்த்து, 75 நாளாக மனப்பாடம் செய்தேன். 1,500 ஆகிவிட்டது. செயலி வைக்கும் தேர்வில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் எல்லாம் குழம்புகிறது. எங்கள் குழுத் தலைவர் விடைபெற்றபோது, வாழ்த்து அட்டையில் அவருடைய 'கன்னிங் லீடர்ஷிப்'புக்கு நன்றி என்று எழுதிவிட்டேன். 'கிளெவர்' என்பதற்கு இணைச்சொல் என்றுதான் செயலி சொன்னது. அதில் சூது, தந்திரம் என்ற வாடை அடிக்கிறது என்று ஒரு சக ஊழியர் பிறகு காதோடு காதாகச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. அஃபெக்ட், எஃபெக்ட் இரண்டில் ஒன்றையாவது முன்பு சரியாக எழுதுவேன். இப்போது அதுவும் போய்விட்டது. எங்கே தப்பு செய்கிறேன்? எத்தனை வார்த்தை தெரிந்தால் போதும்? அந்த அட்டைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி (கடிதம் இங்கே சுருக்கித் தரப்பட்டிருக்கிறது)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழில் ஒரு நிமிடம் நிற்போம். செத்தார், இறந்தார், காலமானார், மறைந்தார், உயிர்நீத்தார், மண்டையைப் போட்டார். ஆறுக்கும் ஒரே பொருள். உங்கள் மேலாளரின் தந்தை இறந்துவிட்டார், இரங்கல் கடிதம் எழுத உட்காருகிறீர்கள் என்று வையுங்கள். ஆறாவது சொல் உங்கள் பேனா பக்கம்கூட வராது. கொசுவை அடித்துவிட்டு 'காலமாகிவிட்டது' என்றால் அது கிண்டல். காய்ச்சலில் படுத்து இறந்தவரை 'உயிர்நீத்தார்' என்றால் ஏதோ ஒரு கொள்கைக்காகப் போனவர் மாதிரி இருக்கிறது. இதையெல்லாம் யாரும் உங்களுக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் யாரோ ஒருவர், ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு முகபாவத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். சொல் உள்ளே இறங்கியபோது அதுவும் கூடவே இறங்கிவிட்டது.

செயலி அந்தக் கூடவே வருவதை எல்லாம் உரித்துவிட்டு, சொல்லையும் அதற்கு ஒரு 'சமம்' குறியையும் மட்டும் தந்திருக்கிறது. கிளெவர் சமம் கன்னிங். இது பொய்யும் இல்லை. 'அறிதல்' என்று பொருள்படும் பழைய ஆங்கில வேர் ஒன்றிலிருந்து வந்த சொல் அது. ஒரு காலத்தில் கன்னிங் என்றால் கற்றவர், கைதேர்ந்தவர். பிறகு மெல்லச் சரிந்து தந்திரம், சூது என்ற பக்கம் போய்விட்டது. நம்முடைய 'நாற்றம்' பட்ட பாடுதான். பழைய பாடல்களில் பூவும் கற்பூரமும் நாறும். அங்கே நாறுதல் என்றால் மணத்தல். இன்று ஒருவர் வீட்டு வாசலில் நின்று 'உங்கள் வீடு நாறுகிறது' என்று பாராட்டிப் பாருங்கள். எதிர்த்திசையில் ஏறி வந்த சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் இன்று எதற்கெடுத்தாலும் சொல்கிறார்களே, நைஸ், அது முதலில் 'மூடத்தனமான' என்ற பொருளில்தான் அந்த மொழிக்குள் நுழைந்தது.

இப்போது கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களை அருகில் போய்ப் பார்ப்போம். கிளெவர் பொதுவான சொல். ஆனால் சில நேரம் அதில் லேசான நக்கல் ஒட்டியிருக்கும், 'ரொம்பத்தான் புத்திசாலி' என்று நாம் இழுப்பது போல. ஷ்ரூட் என்றால் ஆளையும் சூழ்நிலையையும் எடைபோடத் தெரிந்தவர், வியாபாரத்தில் ஏமாறாதவர். அஸ்டியூட் அதே கூர்மைதான், ஆனால் மரியாதை கூடுதல். இன்ஜீனியஸ் என்பது புதுசாக ஒரு வழி கண்டுபிடிக்கும் மூளை. அந்த வழிக்கும் கருவிக்கும்கூட இதே சொல்லைப் போடலாம். கன்னிங்கில் மறைவாகக் காய் நகர்த்துவது வந்துவிடுகிறது. ஸ்லை என்றால் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பும் சேர்ந்துவிடும். தமிழில் கெட்டிக்காரர், விவரமானவர், மதிநுட்பம் உள்ளவர், தந்திரக்காரர், குள்ளநரி என்று இறங்குகிறோமே, அந்தப் படிக்கட்டு. குழுத் தலைவரை நான்காவது படியில் நிற்க வைத்துவிட்டீர்கள். ஐந்தாவதுக்குப் போகவில்லை, அதுவரை சந்தோஷம்.

ஆக, இணைச்சொற்களைப் படிக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி 'இவை எதில் வேறுபடுகின்றன' என்பது. எதில் ஒன்று என்பதுதான் ஏற்கெனவே தெரியுமே!

அடுத்தது, முன்பு சரியாக இருந்ததும் குழம்பிப் போனது. இதற்கு உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்ல வேண்டாம். படித்த முறைதான் காரணம். 1993-ல் தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். பொருளால் நெருங்கிய சொற்களை ஒரே கட்டாகக் கொடுத்துக் கற்கச் சொன்னார்; ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சொற்களையும் இன்னொரு கட்டாகக் கொடுத்தார். சம்பந்தமில்லாத கட்டுதான் சுலபமாக ஏறியது. நெருங்கிய சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. 1997-ல் ராப் வேரிங் ஜப்பானிய மொழி பேசுவோரிடம் இதே போலச் செய்து பார்த்தார். அங்கேயும் அதே கதை. பாடப்புத்தகங்களும் செயலிகளும் இன்னும் கொத்துக் கொத்தாகத்தான் கொடுக்கின்றன. பார்க்க ஒழுங்காக இருக்கிறது, அவ்வளவுதான்.

இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதல் தடவை போனால் என்ன ஆகும்? இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி 'இது பெரியவன், இது சின்னவன்' என்று சொல்லிக்கொடுத்தால் வாசல் தாண்டும்போது மறந்துபோகும். ஒருவனோடு ஒரு வாரம் பழகிவிட்டால், அடுத்தவன் வந்து நிற்கும்போது 'இது அவன் இல்லை' என்று தானாகத் தெரியும்.

அதே மாதிரி செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு அஃபெக்ட் என்ற சொல்லையே தொடாதீர்கள். எஃபெக்டோடு மட்டும் பழகுங்கள். அது பெயர்ச்சொல், விளைவு. மருந்துக்கு சைட் எஃபெக்ட். புதிய விதி ஒரு தேதியிலிருந்து டேக்ஸ் எஃபெக்ட், அதாவது அமலுக்கு வருகிறது. ஒன்றன் மேல் விளைவு என்றால் பின்னால் 'ஆன்' வரும். இந்த மூன்று நான்கு சேர்க்கைகளை வேலையில் எழுதி எழுதிக் கைப்பழக்கம் ஆக்குங்கள். அது கெட்டியான பிறகு அஃபெக்டைக் கூப்பிடுங்கள்: வினைச்சொல், நேரே செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் 'ஆன்' தேவையில்லை. விற்பனையை அஃபெக்ட் செய்யும். விற்பனையின் மேல் எஃபெக்ட் இருக்கும். எஃபெக்ட் வினையாக வந்து 'ஒன்றை நிகழ்த்துவது' என்று பொருள் தருவதும், அஃபெக்ட் வினை 'பாவனை செய்வது' என்று ஆவதும் உண்டு. அவற்றை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் ஆட்களுக்கு இந்த ஜோடியில் இன்னொரு குழி இருக்கிறது. 'பாதிப்பு' என்ற நம் சொல்லில் கெட்டது கலந்திருக்கிறது. எஃபெக்ட் நடுநிலையானது, நல்ல விளைவும் எஃபெக்ட்தான். அதை 'விளைவு' என்றே மனசில் வையுங்கள்.

குழப்பும் ஜோடிகள் எல்லாம் ஒரே சாதி இல்லை. வைத்தியமும் வேறு வேறு.

ஒலியோ எழுத்தோ மட்டும் குழப்புகிறவை இருக்கின்றன. இவற்றுக்கு நம்மிடம் அழகான பெயரே உண்டு: மயங்கொலிச் சொற்கள். அரமும் அறமும், பல்லியும் பள்ளியும். பொருளில் குழப்பம் கிடையாது. பல்லியைப் பார்த்துப் பள்ளி என்று யாரும் நினைப்பதில்லை, கைதான் நழுவுகிறது. ஆங்கிலத்தில் ஸ்டேஷனரி: கடைசியில் 'ஏ' எழுத்து வந்தால் அசையாமல் நிற்பது, 'இ' எழுத்து வந்தால் எழுதுபொருள். என்வலப் 'இ'யில் தொடங்குகிறது, அதுவும் எழுதுபொருள், முடிந்தது. காம்ப்ளிமென்ட்: நடுவில் 'ஐ' எழுத்து இருந்தால் பாராட்டு, 'இ' எழுத்து இருந்தால் குறையை நிரப்பி முழுமையாக்குவது. கம்ப்ளீட் என்ற சொல்லிலும் அந்த 'இ' இருக்கிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள். பிரின்சிபல் ஜோடியும் இதே ரகம். இங்கே இப்படிப்பட்ட குறுக்குவழிச் சூத்திரங்கள் நன்றாகவே வேலை செய்யும். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பல நேரம் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

ஒரே வேரில் முளைத்து வால் மட்டும் மாறியவை அடுத்த ரகம். இங்கே தமிழே காப்பாற்றுகிறது. எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்த; எகனாமிக்கல் என்றால் சிக்கனமான. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் நிற்கக்கூடிய. ஹிஸ்டாரிக்கல் என்றால் வரலாறு சம்பந்தப்பட்ட, அது முக்கியமாக இருக்கவேண்டும் என்றில்லை. கன்டினியுவஸ் இடைவிடாமல், கன்டினியுவல் அடிக்கடி, விட்டு விட்டு. சென்சிபிள் விவேகமானவர், சென்சிட்டிவ் சட்டென்று மனசு நொந்துகொள்பவர். ஒரே வேர் இல்லை என்றாலும் இம்ப்ளை, இன்ஃபர் ஜோடியையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஆங்கிலேயர்களே வழுக்குகிறார்கள், நமக்குக் கவலையே இல்லை. சொல்லாமல் சொல்வது இம்ப்ளை, அதைக் கேட்பவர் ஊகித்துக்கொள்வது இன்ஃபர். தமிழில் இரண்டும் வேறு வேறு சொல். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்தையே பொருளாக எழுதினால்தான் நல்லது என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். இந்த மாதிரி இடத்தில் அதைக் கேட்காதீர்கள்.

ஆனால் தமிழே காலை வாரும் இடமும் உண்டு. உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள் என்பேன். ஒரு தமிழ்ச் சொல், ஆங்கிலத்தில் ஐந்தாறாகப் பிரிகிறது. சினோனிம் பட்டியல் அந்த ஐந்தாறையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொடுக்கிறது. நமக்கும் அது வித்தியாசமாகத் தெரிவதில்லை.

'மறுத்தார்' என்று ஒரு சொல் எடுத்துக்கொள்வோம். கூட்டத்துக்கு வர மறுத்தார் என்றால் ரெஃப்யூஸ்ட். அழைப்பை நாசூக்காக மறுத்தார், வருத்தம் தெரிவித்தார் என்றால் டிக்லைன்ட். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினார் என்றால் ரிஜெக்டட். தான் அப்படிச் செய்யவே இல்லை என்று மறுத்தார் என்றால் டினைட். எதிராளி சொன்னதைச் சான்று காட்டிப் பொய் என்று நிரூபித்தார் என்றால் ரெஃப்யூட்டட். நிரூபித்தாரோ இல்லையோ, பதிலுக்கு வாதம் வைத்தார் என்றால் ரிபட்டட்.

இதில் முதலாவதையும் நான்காவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அவர் பணம் வாங்க மறுத்தார்', 'அவர் பணம் வாங்கியதை மறுத்தார்'. தமிழில் வினை ஒன்றுதான்; முன்னால் நிற்கும் 'வாங்க', 'வாங்கியதை' என்ற இரண்டும்தான் வித்தியாசத்தைச் சுமக்கின்றன. ஆங்கிலம் அந்தச் சுமையை வினையின் தலையிலேயே வைத்துவிட்டது. ஹி ரெஃப்யூஸ்ட் டு டேக் த மணி: இவர் நேர்மையானவர். ஹி டினைட் டேக்கிங் த மணி: இவர் மேல் புகார் இருக்கிறது. நம் ஆட்கள் இரண்டையும் கலந்து 'டினைட் டு டேக்' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு அவர் யோக்கியரா, மாட்டிக்கொண்டவரா என்று தெரியாமல் போகிறது. ரெஃப்யூஸுக்குப் பின்னால் 'டு' போட்ட வினை வரும், டினைக்குப் பின்னால் 'இங்' சேர்ந்த வினை வரும் என்பதைச் சொல்லோடு சேர்த்தே மனசில் ஏற்றினால் இந்தக் குழப்பம் எழவே எழாது. ரெஃப்யூட்டைச் செய்திகளில் வெறும் 'மறுப்பு'க்கும் போடுகிறார்கள், அகராதிகளும் அதைக் குறித்துவைத்திருக்கின்றன. இருந்தாலும் நீங்கள் உங்கள் அறிக்கையில் போடும்போது கையில் ஆதாரம் இருந்தால் மட்டும் போடுங்கள்.

இன்னும் ஆபத்தானது 'சந்தேகம்'. 'அவர்கள் தப்பான கோப்பை அனுப்பியிருப்பார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு 'ஐ டவுட் தே சென்ட் த ராங் ஃபைல்' என்று எழுதினால், படிப்பவருக்குப் போய்ச் சேரும் பொருள் 'அவர்கள் தப்பான கோப்பை அனுப்பியிருக்க மாட்டார்கள்' என்பது. நேர் எதிர்! நீங்கள் சொல்ல வந்ததற்கு சஸ்பெக்ட் போட்டிருக்கவேண்டும். ஒன்று நடந்திருக்கும் என்று மனசு சொன்னால் சஸ்பெக்ட், நடந்திருக்காது என்று சொன்னால் டவுட். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் இதே வாக்கியத்தால் இரண்டு நாள் வேலையைத் தொலைத்தார். அந்தப் பக்கம் இருந்தவர்கள், கோப்பு சரியாக இருப்பதாக இவரே சொல்கிறார் என்று நிம்மதியாக இருந்துவிட்டார்கள். அப்புறம், கேள்வி கேட்பதற்கு 'ஐ ஹேவ் எ டவுட்' என்கிறோமே, அதையும் வெளிநாட்டவரிடம் எழுதும்போது க்வெஸ்டியன் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அவர்களை நம்பவில்லை என்று படும்.

கடன், ஞாபகம், பார்ப்பது, சொல்வது இவையும் இப்படித்தான் பிரியும். நீங்களே உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். என் கணக்கில் இந்தப் பயிற்சி ஒன்றே செயலியில் நூறு வார்த்தை படிப்பதற்குச் சமம்.

'டு', 'இங்' என்று சொன்னேனே, அது இலக்கணம் மட்டும் இல்லை, சொல்லின் சகவாசம். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறியமுடியும் என்று ஜே. ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர் 1957-ல் எழுதினார். நமக்கு மழையும் பலத்த மழை, காற்றும் பலத்த காற்று. ஆங்கிலத்தில் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங். மாற்றிப் போட்டால் புரியும், ஆனால் காதில் இடிக்கும். குற்றத்தை கமிட் செய்யலாம். தவறை மேக் செய்வதுதான் வழக்கம். காரை ஸ்டார்ட் செய்யலாம், பிகின் செய்யமுடியாது, கமென்ஸ் செய்யவே முடியாது, மூன்றுக்கும் 'தொடங்கு' என்று அகராதி போட்டிருந்தாலும்.

காஸ் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். காரணமாக அமைவது என்ற பொருள்தான், அதில் நல்லது கெட்டது ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் அது வரும் வாக்கியங்களை நூறு இருநூறு எடுத்துப் பார்த்தால் பின்னால் நிற்பவை சேதம், பிரச்சினை, நோய், தாமதம், வலி. கெட்ட சகவாசம்! 'புதிய மென்பொருள் முன்னேற்றத்தை காஸ் செய்தது' என்று எழுதினால் ஏதோ இடறுகிறது என்று படிப்பவருக்குத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அங்கே 'லீட் டு'வின் இறந்தகாலமான 'லெட் டு' போடுங்கள், வாக்கியம் நிமிர்ந்துவிடும். எந்தச் சொல்லுக்கு என்ன சகவாசம் என்று பார்க்க இணையத்தில் 'கோகா' (COCA) என்ற வாக்கியத் தொகுப்பு இருக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். பதிவு செய்துகொண்டு, ஓரளவுக்கு இலவசமாகத் தேடலாம். கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகளிலும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் பயன்பாட்டுக் குறிப்பும் இருக்கும். பொருளைப் பார்த்ததும் மூடிவிடாமல் அந்தப் பெட்டிக்குள்ளும் கண்ணை ஓட்டுங்கள்.

'அட்வான்ஸ்டு' சொல்வளம் வேண்டும் என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். பெரிய சொல்தான் உயர்ந்த சொல் என்ற நினைப்பு அதில் தெரிகிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது. வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலமே இருந்தது. படித்தவர்கள் மேசையில் லத்தீன். அதனால் இன்றைக்கும் பல பொருள்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று அடுக்கு. கேட்பதற்கு ஆஸ்க், க்வெஸ்டியன், இன்டெரகேட். எழுவதற்கு ரைஸ், மவுன்ட், அசென்ட். முதலாவது வீட்டுச் சொல், கடைசி ஏட்டுச் சொல். ஆஸ்க் யாரும் யாரிடமும் செய்யலாம். இன்டெரகேட் செய்தால் எதிரில் இருப்பவர் கைதி மாதிரி ஆகிவிடுவார். நம்மிடம் தண்ணீர், ஜலம், தீர்த்தம் இருக்கிறதே, அதே போலத்தான். மூன்றும் ஒரே பொருள். 'தீர்த்தத்தில் துணி துவைத்தேன்' என்று சொல்லிப் பாருங்கள்.

கடிதத்தோடு நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய மின்னஞ்சலில் யூஸ் வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் யூட்டிலைஸ் இருக்கிறது. துணி துவைக்கத் தீர்த்தம் எடுத்திருக்கிறீர்கள்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடக்கூடாது என்று பள்ளியில் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கதை எழுதினால் பார்க்கலாம். அறிக்கையில் அது தொல்லை. முதல் பத்தியில் ரிப்போர்ட், இரண்டாவதில் டாக்குமென்ட், மூன்றாவதில் ஸ்டடி என்று மாற்றி மாற்றி எழுதினால் மூன்று தனித்தனிக் காகிதங்கள் என்றுதான் படிப்பவர் தேடுவார். இந்த வியாதிக்கு ஆங்கில அகராதி ஆசிரியர் எச். டபிள்யூ. ஃபௌலர் 'எலிகன்ட் வேரியேஷன்' என்று பெயர் வைத்தே கிண்டல் செய்தார். அவருடைய 1926-ம் ஆண்டு நடைக் கையேட்டில் அதற்கு ஒரு நீண்ட பதிவே இருக்கிறது.

அப்படியானால் சினோனிம் அகராதியே வேண்டாமா? வேண்டும். யாருக்காகச் செய்தார்கள் என்று தெரிந்து பயன்படுத்தவேண்டும். பீட்டர் மார்க் ரோஜெட் என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட தெசாரஸில் சொற்கள் அகரவரிசையில் கிடையாது. ஆயிரம் கருத்துத் தலைப்புகளின் கீழ் இருந்தன. பொருள் விளக்கம் எதுவும் இல்லை. சொல் தெரியும், நுனிநாக்கில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்று தவிப்பவருக்கான புத்தகம் அது. சொல்லே தெரியாதவருக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு கடையில் சாமான் எடுப்பது மாதிரி. நம்மிடம் இந்த வகை நூல் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது, நிகண்டு. பிள்ளைகள் பாட்டாகவே மனப்பாடம் செய்தார்கள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. கையோடு இலக்கியம் படித்தார்கள், பட்டியலில் இருந்த சொல் அங்கே உயிரோடு நடமாடுவதைப் பார்த்தார்கள். நீங்கள் நிகண்டு ஓதிவிட்டு நேராகத் தேர்வுக்குப் போயிருக்கிறீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன் என்றேன். பிழைதிருத்துபவனாக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கட்டுரையில் ஒரு நீதிபதியை 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை அதற்கும் அன்இன்ட்ரஸ்டடுக்கும் ஒரே பொருள். இரண்டாவதுதான் பழகிய சொல்லாயிற்றே என்று மாற்றிவிட்டேன். அச்சாகி வந்தது. மறுநாள் எழுதியவரே தொலைபேசியில் வந்தார். 'தம்பி, தனக்கு லாபநஷ்டம் இல்லாத நடுநிலையான நீதிபதி என்று நான் எழுதினேன். வழக்கைக் கேட்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நீதிபதி என்று நீ மாற்றியிருக்கிறாய்' என்றார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. முப்பது வருடம் ஆகப்போகிறது, அந்தச் சொல்லில் மட்டும் நான் தவறியதே இல்லை.

அதனால்தான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வது: உங்கள் சொந்தத் தவறுகளே உங்கள் பாடப்புத்தகம். செயலியின் 1,500-ஐ ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள். நீங்கள் அனுப்பிய பழைய மின்னஞ்சல்களில் முப்பதை எடுத்துப் படியுங்கள். தப்பாகப் போட்ட சொல், சந்தேகத்தோடு போட்ட சொல், தெரியாததால் சுற்றி வளைத்து எழுதிய இடம், மூன்றையும் குறியுங்கள். முப்பது நாற்பது தேறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் பக்கம். மேலே சொல், கீழே பொருளுக்கு ஒரு வரி, பிறகு நீங்கள் வாசிக்கும்போது எதிர்ப்பட்ட வாக்கியம் ஒன்று, எங்கிருந்து எடுத்தது என்பதோடு, அதற்குக் கீழே உங்கள் வேலையில் நிஜமாகவே எழுதக்கூடிய வாக்கியம் ஒன்று. பக்கத்தின் பாதியைக் காலியாக விடுங்கள், பின்னால் இன்னும் வாக்கியங்கள் வந்து சேரும். நாளுக்கு இரண்டு சொல் போதும். குழப்பும் ஜோடி என்றால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது பத்து நாள். பழைய பக்கங்களைப் புரட்டும்போது பொருளை மறைத்துக்கொண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். வந்துவிட்டால் அந்தப் பக்கத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், வராவிட்டால் நாளைக்கே மறுபடி.

இன்னொரு விளையாட்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. நன்றாக எழுதப்பட்ட ஒரு பத்தியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் இணைச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். என்ன மாறுகிறது? ஒரு ஆள் 'தின்' என்று இருக்கும் இடத்தில் 'ஸ்லிம்' போட்டால் எழுதியவருக்கு அவரைப் பிடித்துவிட்டது. 'ஸ்கின்னி' போட்டால் பிடிக்கவில்லை. ஆள் அதே ஆள்தான், கிலோகூட மாறவில்லை.

எத்தனை வார்த்தை போதும் என்று கேட்டீர்கள். நாவலும் செய்தித்தாளும் பிறர் துணையில்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டியிருக்கும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். இது படித்துப் புரிந்துகொள்வதற்கான கணக்கு. எழுத அதில் ஒரு பகுதி போதும். அறிக்கை எழுதுகிறவருக்கு இன்னும் உபயோகமானது ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல். மொத்தமே 570 குடும்பங்கள். அதையும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள்! பக்கத்தில் வைத்துக்கொண்டு, படிக்கும்போது எதிர்ப்படுகிறவற்றை நோட்டில் ஏற்றுங்கள்.

சரி, அந்த வாழ்த்து அட்டை. நீளமான மன்னிப்புக் கடிதம் எல்லாம் வேண்டாம், அது இன்னும் சங்கடம். அடுத்த முறை பேசும்போது 'அஸ்டியூட் என்று எழுத நினைத்துக் கன்னிங் என்று எழுதிவிட்டேன்' என்று ஒரு வரி சொல்லுங்கள். உங்களோடு வேலை பார்த்தவர். நீங்கள் திட்டவில்லை என்று அவருக்கு அப்போதே புரிந்திருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த அட்டையில் அவர் என்ன கெட்டிக்காரத்தனம் செய்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. கடிதத்தில் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்: வேலை குவிந்துபோன ஒரு மாதத்தில், யாரும் கேட்காமலே உங்கள் பங்கில் பாதியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார் என்று. அதை ஆங்கிலத்தில் எழுத உங்களுக்குப் புதிதாக ஒரு வார்த்தைகூடத் தேவைப்பட்டிருக்காது.